ரெண்டா, மூணா

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள் நான். இதைச் சொன்னதுமே எங்கள் தோவாளைப் பக்கத்துப் பெண்கள் பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் சொல்லாமல் விடப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். என்னைப் பார்த்து, மூணு வரைக்கும் ஒழுங்காக எண்ணத் தெரியாதவள் என்று கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதுவும் என் மகளின் கல்யாண மண்டபத்தில், காய் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை சொந்தபந்தத்துக்கும் முன்னால். எனக்கு மனசு ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ரெஸ்லிங். தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது பெரியவர்களுக்குச் சினிமா கிடைத்தது, பையன்களுக்கு ரெஸ்லிங் கிடைத்தது. பெட்டிக்கடைகளில் ரெஸ்லிங் சீட்டுக்கட்டு விற்றார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தடியன் முறைத்துக்கொண்டு நிற்பான், கீழே அவனுடைய உயரம், எடை, நெஞ்சளவு எல்லாம் போட்டிருக்கும். யாருடைய சீட்டில் அளவு கூடுதலோ அவன் அடுத்தவனின் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். என் அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாது. ஆனால் சீட்டுக்கட்டில் இருந்த அத்தனை பேரின் நெஞ்சளவும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

அந்தச் சீட்டுக்கட்டில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. அண்ணன்காரன் சாம்பியன் பட்டம் வாங்கியவன், மினுமினுவென்று கோட்டுப் போட்டு வருவான். தம்பிக்காரனை யாரும் சட்டை செய்வதில்லை. அந்த இரண்டு பேருக்கும் சண்டை என்று டி.வி.யில் அறிவித்தார்கள். ஆங்கில வர்ணனை எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை, ஆகவே என் தம்பி மொழிபெயர்த்தான். அவன் சொன்னபடி, அந்த வீட்டில் சோற்றுக்கு அண்ணனுக்கு மட்டும் இரண்டு பப்படம் வைக்கிறார்கள், தம்பிக்கு ஒன்றுதான், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் சண்டைக்கு இறங்கியிருக்கிறான். அம்மா அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் முதல் தம்பியின் தட்டிலும் இரண்டு பப்படம் விழுந்தது.

சண்டை நீளமாகப் போனது. அடித்தார்கள், எறிந்தார்கள், கயிற்றில் போய் மோதித் திரும்பி வந்தார்கள். கடைசியில் அண்ணன்காரன் காலைப் பிடித்து முறுக்கலாம் என்று குனிந்த நேரம் பார்த்து, தம்பிக்காரன் அவன் கழுத்தையும் தொடையையும் சேர்த்து வளைத்து, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கீழே சாய்த்துவிட்டான். இரண்டு தோளும் தரையில் பட்டிருக்க நடுவர் மூன்று தரம் தரையைத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. தட்டிவிட்டார். பட்டம் வாங்கிய அண்ணன்காரன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அந்தப் பிடிக்கு எங்கள் வீட்டில் அன்றைக்கே ‘பாய்ச்சுருட்டு’ என்று பெயர் வைத்தாயிற்று.

தம்பி தெரு முழுக்க ஓடிவிட்டு வந்தான். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

“லேய், இதெல்லாம் பேசி வச்ச அடியாக்கும். கெட்டிப் பிடிச்சிட்டு நிக்கப்பம் காதுல சொல்லிக்கிடுவானுவ, இப்பம் நீ விழு, அடுத்தால நான் விழுகேன்னு.”

தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியெல்லாம் கிடையாது, அத்தனையும் நிஜம், ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று சண்டை போட்டான். சாமி பொய் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்கமாட்டான். அன்று தொடங்கி அவன் ரெஸ்லிங் நிஜம் என்ற கட்சி, அண்ணன் பேசி வைத்தது என்ற கட்சி. இன்றைக்கும் அப்படியே.

மறுநாள் அதே சண்டையை எங்கள் களத்தில் வைத்துக்கொண்டார்கள். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து வைக்கோலைக் காயப் போட்டிருந்த நேரம். தம்பி ஒரு தோர்த்துத் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு வந்தான், மினுமினுப்புக் கோட்டுக்குப் பதிலாக அண்ணன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டான். நான் நடுவர். என்னை யாரும் கேட்கவில்லை, நடுவில் பிறந்தவள் என்பதால் தானாக அமைந்த வேலை. அண்ணன் ஆள் பெரியவன், தம்பியின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேங்காய் துருவுகிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று தம்பி நழுவினான், வளைத்தான், சுருட்டினான். அண்ணன் வைக்கோலில் மல்லாந்து கிடந்தான். நான் முட்டி போட்டு உட்கார்ந்து தட்டினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

அண்ணன் எழுந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டே, “ரெண்டுதான். ரெண்டுலயே நான் தோளத் தூக்கிட்டேன்” என்றான்.

தூக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்கும் அவன் தோளுக்கும் ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் அவன் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து முப்பது வருஷமாக இந்த வழக்கு நடக்கிறது. அவனுக்கு மூன்றாவது இட்லி வைத்தால், “இது உன் கணக்குல ரெண்டா மூணாட்டி?” என்பான். எனக்கு டீச்சர் வேலை கிடைத்த அன்று ஊரெல்லாம் லட்டு கொடுத்தான், கொடுக்கிற வீட்டிலெல்லாம் பிள்ளைகளின் பாடு பாவம் என்று சேர்த்துச் சொன்னான். தம்பி கல்ஃபுக்குப் போகிற அன்று விமான நிலைய வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு, மூணுதான் என்று ஒத்துக்கொண்டால் சந்தோஷமாகப் போவேன் என்று அண்ணனிடம் கேட்டுப் பார்த்தான். அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்து, ரெண்டுதான், பார்த்துப் போய்ட்டு வா என்று அனுப்பிவைத்தான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண் மணவறைக்கு வருவதற்கு முன்னால் தாய்மாமன் மாலை போடவேண்டும். போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். தாலி கட்டுகிறவனுக்கு அடுத்தபடியாக அன்று மதிப்பு தாய்மாமனுக்குத்தான். மாலை ஒன்று, மாமன் இரண்டு. முறைப்படி மூத்தவன் போடுவான், அதில் பேச்சுக்கு இடமில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தோவாளையில் மாலை கட்டுகிறவர் போன் செய்தார். நான் அப்போது வகுப்பில் இருந்தேன், வராந்தாவுக்கு வந்து பேசினேன். டீச்சருக்கு எத்தனை மகள் என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். அப்படியானால் மாமன் மாலை எதற்கு இரண்டு என்றார். அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போய் ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அதுமட்டுமில்லை. மற்றவன் சொன்னதைவிடத் தடிமனாக இருக்கவேண்டும் என்று இருவரும் மாறி மாறிப் போய்ச் சொல்லிச் சொல்லி, சம்பங்கியும் ரோஜாவும் மரிக்கொழுந்துமாக மாலை ஏறிக்கொண்டே போகிறதாம். இதற்குமேல் ஏற்றினால் பிள்ளை கழுத்து தாங்காது என்று அந்த மனிதர் கவலைப்பட்டார்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். எங்கள் வீடு அஞ்சுகிராமத்தில். தோவாளையிலிருந்து அண்ணன் பைக்கில் வந்தான், தம்பி கல்ஃபிலிருந்து திரும்பிவந்து நாகர்கோவிலில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன், கடை வேனில் வந்தான். அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: மூத்தவன் இருக்கும்போது இளையவன் மாலை போட்டால், பெரியவன் செத்தா போயிட்டான் என்று ஊரில் கேட்பார்கள். தம்பி என்னைப் பார்த்துச் சொன்னான்:

“காதுகுத்துக்கு அவ இவன் மடியில இருந்தா. சடங்குக்கு இவன் சேலை எடுத்தான். நான் எல்லாத்தையும் போன்ல பாத்தேன் அக்கா. இது ஒண்ணு எனக்கு வேணும்.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. அண்ணன் எழுந்து, அவன் போட்டால் நான் மண்டபத்துப் படி ஏறமாட்டேன் என்றான். தம்பியும் சளைக்கவில்லை, அதையே திருப்பிச் சொன்னான்.

வேறு வீடென்றால் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் விடமுடியாது. தம்பி வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தபோது அண்ணனுக்கு அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து கூப்பிடவில்லை என்று அண்ணன் போகவில்லை. தம்பி வீட்டுக்கு எதிர்க்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பால்காய்ப்புக்கு உள்ளே அனுப்பி வைத்தானே தவிர அவன் வாசல் மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள். என் மகள் மணவறைக்கு நடக்கும்போது ஒரு மாமன் இருந்து ஒரு மாமன் இல்லை என்றால், ஊர் பேசுவது கிடக்கட்டும், நான் எப்படி அங்கே நிற்பேன்? எனக்கு இருப்பது இந்த இரண்டு பேர்தான்.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அது உங்க வீட்டு விவகாரம் என்று நாசூக்காகக் கழன்றுகொண்டார். கடைசியில் மகள்தான், மருதாணி வைத்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டு மாமன்மாரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டு, “பெரிய மாமா, சின்ன மாமா, ரெண்டு பேரும் குஸ்தி போடுங்கோ. ஜெயிக்கவங்க மாலை போடட்டு” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள்.

நாற்பது தாண்டிய ஆண்கள் இவர்கள். அண்ணனுக்கு டிராக்டர் ஓட்டி ஓட்டி நடுவில், அதாவது இடுப்பில், வலி, பெல்ட் போட்டுக்கொண்டுதான் நடக்கிறான். தம்பிக்குக் கல்ஃப் தந்த தொப்பை ஒன்று, சர்க்கரை ஒன்று. வேண்டாம், கேவலம், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மன்றாடினேன். அதுவரை ஒதுங்கி நின்ற என் வீட்டுக்காரர், எந்த ஜமுக்காளத்தை விரிக்கலாம் என்று கேட்டார். ஆண்பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அதை இங்கே எழுதவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குமேல் மண்டபத்தில் காய் வெட்டு. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கத்தியோடு வந்து வட்டமாக உட்கார்ந்து அவியலுக்கும் எரிசேரிக்கும் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். தடியங்காயும் சேனையும் வெள்ளரிக்காயும் குவித்துப் போட்டிருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் தன் வயலிலிருந்து, மிஷின் சுருட்டிக் கட்டிய வைக்கோல் உருளை ஒன்றை மினிலாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். மண்டபத்துக்குப் பின்னால் அதை உதறிப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கோலா என்று சமையல்காரர் சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டார். அதற்குமேல் யாரும் காய் வெட்டவில்லை.

நடுவர் நான். பட்டுச்சேலையைக் கசக்கமுடியாது என்று ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முட்டி போட்டேன். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டுக்கு மேலும் தொப்பைக்குக் கீழும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார்கள். தம்பி தோளில் ஒரு தோர்த்து முடிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கை கொடுத்துக்கொள்ளச் சொன்னேன். தம்பி கொடுக்கவில்லை. டி.வி.யில் தம்பிக்காரனும் கொடுக்கவில்லை என்று அவனுக்கு ஞாபகம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதுதான் நடந்தது. பிறகு அண்ணன் பழைய பழக்கத்தில் தம்பியின் தலையைக் கக்கத்தில் இடுக்கித் தேங்காய் துருவத் தொடங்கினான். வெட்டின தடியங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். சித்தப்பா ஒருத்தர் தம்பி பக்கம், சித்தி அண்ணன் பக்கம், அவர்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம். அப்போது அண்ணனின் முகம் மாறியது. நடு பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பதறிப்போய்க் கிட்டத்தில் குனிந்தேன். அவன் தம்பியின் தலையை விடவில்லை. காதோடு சொன்னான்:

“மக்கா, நடு பிடிச்சிற்று. சுருட்டிரு. நாளைக்கு நீயே போடு. நீ அவ காதுகுத்துக்கும் இல்ல, சடங்குக்கும் இல்லல்லா.”

எனக்குக் கேட்டது. தம்பிக்கும் கேட்டது, ஏனென்றால் அவன் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷமாக அப்படி யாரும் காதில் சொல்வதில்லை என்று கட்சி கட்டினவன் அவன். கக்கத்துக்குள்ளிருந்து என்னை ஒரு தரம் பார்த்தான், கண் சிவந்திருந்தது. அப்புறம் மெதுவாக, அண்ணனின் முதுகுக்கு ஒரு கையைக் கொடுத்து, நோகாமல் வளைத்து, வைக்கோல்மேல் சாய்த்தான். பாய்ச்சுருட்டுதான். ஆனால் தொட்டில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி ஒரு பாய்ச்சுருட்டை உலகத்தில் எந்த ரெஸ்லிங்கிலும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அண்ணனின் இரண்டு தோளும் ஜமுக்காளத்தில் கிடந்தன. நான் தட்டினேன். ஒண்ணு. ரெண்டு. மூணாவதுக்குக் கை ஓங்கினபோது, தம்பி தன் கையை அண்ணனின் தோளுக்கு அடியில் விட்டு, அவனே அதைத் தூக்கிவிட்டான்.

“ரெண்டுதான் அக்கா” என்றான். “அன்னைக்கும் ரெண்டுதான்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அன்று மூணு. என் கண்ணால் பார்த்து, என் கையால் தட்டின மூணு. அதை இவன் எப்படி மாற்றுவான்? இத்தனை வருஷமாக இவனுக்காக நான்தானே வாதாடிக்கொண்டிருந்தேன்? மூணுதான் என்று கத்தினேன். அண்ணன் படுத்தபடியே சிரித்தான், வலியில் முகம் கோணிக்கொண்டது, அப்படியும் சிரித்தான். தம்பி அவன் பக்கத்தில் மல்லாந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு எண்ணத் தெரியாதுலே என்று அண்ணன் சொல்ல, ஆமா, பிள்ளைங்க பாடு பாவம் என்று தம்பி சொல்ல, சித்தியும் சித்தப்பாவும்கூட ஒரே கட்சியாகி, டீச்சருக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று முடிவு செய்தார்கள். முப்பது வருஷத்து வழக்கு என் தலையில் தீர்ந்தது.

ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. ஆகவே மாலையை இரண்டு பேரும் சேர்ந்தே போடுவது என்று, அண்ணனுக்குச் சூடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பேசி முடித்தார்கள். தம்பி மாலை கட்டுகிறவருக்குப் போன் போட்டு, இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள் என்றான். ஒன்று போதும் என்ற அர்த்தத்தில்தான் சொன்னான். அவர் தொழிலில் நேர்மையானவர், சொன்னதைச் செய்துவிட்டார். இரண்டு மாலையையும் சேர்த்து முறுக்கி ஒரே மாலையாகக் கட்டிவிட்டார்.

காலையில் அதைத் தூக்கிக்கொண்டுவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. என் அண்ணன் தைல வாசனையோடு, பட்டு வேட்டிக்குள் பெல்ட் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகூர்த்த நேரம் நெருங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான். மகள் வந்து முன்னால் தலை குனிந்தாள். அண்ணன் மாலையைத் தூக்கினான். நெஞ்சு உயரத்துக்குமேல் கை போகவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாதஸ்வரக்காரர் வேறு வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். தம்பி மாலையைப் பிடிக்கவில்லை. அண்ணனின் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து, நேற்றுத் தோளைத் தூக்கின மாதிரியே, மெல்லத் தூக்கிவிட்டான். மாலை என் மகள் கழுத்தில் விழுந்தது. அதன் கனத்தில் அவள் ஒரு எட்டு முன்னால் தள்ளாட, ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பெரிய மாமன், ஒரு பக்கம் சின்ன மாமன். அப்படியே மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் நாற்காலிக்குத் திரும்பினான். தம்பி பந்தியில் நின்று ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டிருந்தான். நேற்று அண்ணன் காதில் எதுவும் சொல்லவில்லை, ஆட்டம் நிஜமான ஆட்டம்தான் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அங்கேயும் சாதித்துக்கொண்டிருந்தான். அண்ணன் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தான். பிறகு விரலை ஆட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டான். தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்துக் குனிந்தேன். என் தலையைக் கையால் வளைத்துப் பிடித்து, காதோடு சொன்னான்:

“ஏட்டி, அன்னைக்கு மூணுதான். அவன்ட்ட சொல்லிராத, கேட்டியா.”

நான் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். தம்பி புத்தகம் படிக்கிற ஆள் இல்லை.